பாறை ஏறும் ஜீப்புக்கு டீசலா, பெட்ரோலா? காரைக்குடிப் பட்டறையிலிருந்து ஒரு கணக்கு

என் பட்டறைச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. பாறை ஏறுவதற்கென்று வண்டி கட்ட வருகிறவர்கள் முதலில் கேட்பது, டீசல் போடலாமா, பெட்ரோல் போடலாமா என்பதைத்தான். நான் பதில் சொல்வதில்லை. சாக்பீஸை அவர்கள் கையில் கொடுத்து மூன்று எண்களை எழுதச் சொல்கிறேன். முதல் கியரின் விகிதம், டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) லோ விகிதம், அதாவது மெதுவாக ஊர்வதற்கான விகிதம், ஆக்சிலின் (சக்கரங்களைச் சுழற்றும் அச்சு) விகிதம். மூன்றையும் பெருக்கினால் ஓர் எண் வரும். சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்கு எஞ்சின் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பதுதான் அந்த எண். கிரால் ரேஷியோ என்பார்கள். நான் தவழ் விகிதம் என்று எழுதுகிறேன். அது தெரியாமல் எரிபொருளைப் பற்றிப் பேசுவது, மனையின் நீள அகலம் தெரியாமல் எத்தனை கட்டு வீடு என்று பேசுவதைப் போன்றது.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பழைய சி.ஜே. 3பி ஜீப்பில் முதல் கியர் 2.798, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.46, ஆக்சில் 5.38. பெருக்கினால் 37. அமெரிக்காவில் பாறை ஏறுவதற்கென்றே விற்கப்படும் ஜீப் ரேங்ளர் ரூபிகானின் மேனுவல் கியர் வண்டியில் முதல் கியர் 5.13, லோ 4, ஆக்சில் 4.10. பெருக்கினால் 84. இரண்டிலும் 30 அங்குல டயரைப் போட்டு, எஞ்சினை நிமிடத்துக்கு 700 சுற்றில் ஐடிலிங்கில், அதாவது மிதியைத் தொடாத ஓட்டத்தில், விட்டால், முதல் வண்டி மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். இரண்டாவது 1.2 கிலோமீட்டர்தான் நகரும். முதலாவது வயதானவர் நடக்கும் வேகம். இரண்டாவது, நடை பழகும் குழந்தையின் வேகம். பாறை கேட்பது இந்த இரண்டாவதைத்தான்.

இனி என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்காகவும் பிறருக்காகவும் பாறை வண்டிகள் கட்டியிருக்கிறேன். தவழ் விகிதம் 40-க்குக் கீழே இருந்து, அதை மாற்றக் கையில் பணமும் இல்லை என்றால், டர்போ (புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத பழைய டீசலைப் போடுங்கள். 70-ஐத் தாண்டிவிட்டது என்றால், எடை குறைந்த, இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை அளந்து பீய்ச்சும் முறை) உள்ள பெட்ரோல் எஞ்சினைப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், எஞ்சினுக்கு எடுத்து வைத்த பணத்தைக் கியருக்குச் செலவிட்டு 70-க்குக் கொண்டுபோங்கள். ஏன் என்பதற்குத்தான் மீதி எல்லாம்.

நான் டீசல்காரனாகப் பிறந்தவன். அப்பா லேத் வைத்திருந்தார். எங்கள் சீமையில் கிணற்றுப் பாசனத்துக்கு வைத்திருந்த ஆயில் எஞ்சின்கள் அவரிடம்தான் வரும். பெரிய பறக்கும் சக்கரம், ஒற்றைச் சிலிண்டர், நிமிடத்துக்கு 650 சுற்று. கமலை ஓட்டிய மாடுகள் ஓய்ந்த பிறகு, தோப்புகளில் விடியற்காலையில் கேட்ட சத்தம் அதுதான். தண்ணீர் ஏறும்போது பாரம் கூடினால், யாரும் தொடாமலேயே அந்த எஞ்சின் தானாக மூச்சை இழுத்து வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறுவனாக இருந்தபோது அதை வேடிக்கை பார்த்துக்கொண்டே நிற்பேன். பாறையில் டீசலின் பலம் என்ன என்று கேட்டால், அந்தத் தோப்பில் நான் பார்த்ததுதான் பலம்.

அந்தச் சூட்சுமத்துக்குக் கவர்னர் என்று பெயர். பழைய டீசல் பம்ப்புக்குள் சுழலும் எடைகளும் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. எஞ்சினின் சுற்று குறைந்தால் எடைகள் உள்ளே ஒடுங்கும், ஸ்பிரிங் தள்ளும், டீசல் கூடுதலாகப் பாயும். சுற்று கூடினால் எடைகள் விரிந்து டீசலைக் குறைக்கும். வண்டியை லோவில் முதல் கியரில் போட்டுக் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டாலும், சக்கரம் பாறையில் முட்டும்போது எஞ்சின் தானே இழுவையைக் கூட்டிக்கொள்ளும். பாறையில் உடம்பு இடமும் வலமும் ஆடும், காலும் ஆடும். பெட்ரோல் வண்டியில் கால் ஆடினால் வண்டியும் ஆடும். முன்னே பாய்ந்து நிற்கும், மறுபடி பாயும். அந்த ஒரு பாய்ச்சலில்தான் ஆக்சில் உடைகிறது. கற்றுக்கொள்கிறவருக்கு டீசல் நல்ல ஆசான் என்று நான் இன்றும் சொல்வது இதற்காகத்தான்.

டர்போ இல்லாத பழைய டீசல் என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. டீசல் என்றாலே கீழ்ச் சுற்றில் இழுவை என்று எல்லோரும் சொல்கிறார்கள். டர்போ வைத்த சிறிய டீசலில் அது உண்மையில்லை. டர்போவைச் சுழற்றப் புகைக் காற்று வேண்டும். ஐடிலிங்கில் அது போதாது. ஓர் ஒப்பீடு சொல்கிறேன். 2020-இல் வந்த மஹிந்திரா தாரில் இரண்டு எஞ்சினும் உண்டு. 2.2 லிட்டர் டீசலின் 300 நியூட்டன் மீட்டர் இழுவை 1,600 சுற்றில்தான் முழுதாகக் கிடைக்கும். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியரில், அதே 300-ஐ 1,250 சுற்றிலேயே கொடுத்துவிடும். பாறையில் நாம் புழங்குவது 700-க்கும் 1,500-க்கும் இடையில். அந்த இடத்தில் எந்த எஞ்சின் என்ன தருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் எண், அந்த எஞ்சின் தன் உச்சத்தில் தருவது.

இப்போது கரும்பலகைக்குத் திரும்புவோம். ஒரு பேச்சுக்கு, பழைய டீசல் ஐடிலிங்குக்குச் சற்று மேலே 120 நியூட்டன் மீட்டர் இழுவை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 37 விகிதத்தில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது 4,440. சிறிய பெட்ரோல் எஞ்சின் அதே இடத்தில் அதில் பாதி, 60 மட்டுமே தருகிறது. ஆனால் தவழ் விகிதம் 80. சக்கரத்துக்கு 4,800 போய்ச் சேருகிறது. எஞ்சினில் பாதி, சக்கரத்தில் அதிகம். உராய்வில் கொஞ்சம் போகும். அது இரண்டுக்கும் பொது. கியரை ஆழமாக்கினால் டீசலின் முதல் பெருமை கரைந்துவிடுகிறது. அதோடு, பெட்ரோலின் வேறொரு வசதி அப்போதுதான் வெளியே வருகிறது.

தவழ்ந்தே எல்லாப் பாறையையும் ஏறிவிட முடியாது. இடுப்பளவு படி ஒன்று எதிரே நிற்கும்; டயர் அதன் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், ஏறாது. அங்கே ஒரு கணம் சக்கரத்தை வேகமாகச் சுழற்றி, ஒரு துள்ளலில் மேலே வைக்க வேண்டும். 37 விகிதத்தில் 3,600 சுற்றோடு முடிந்துபோகும் டீசலில் 30 அங்குல டயர் மணிக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் சுழலாது. 6,000 சுற்று வரை போகும் பெட்ரோலில் அதே கியரில் 23 கிலோமீட்டர் கிடைக்கும். கியரை மாற்ற வேண்டியதில்லை. பாறையின் நடுவில் கிளட்சை மிதித்துக் கியர் மாற்ற நேரமும் இருக்காது. சிராவயல் மஞ்சுவிரட்டில் காளை தொழுவை விட்டு வெளியே வரும் முதல் பாய்ச்சலைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். உழவு மாட்டிடம் அந்தப் பாய்ச்சலை எதிர்பார்க்க முடியாது. காளையை ஏரில் பூட்டி நாள் முழுவதும் நடத்தவும் முடியாது. ஆழமான கியர் இருந்தால் பெட்ரோல் எஞ்சினிடம் இரண்டையும் வாங்கலாம். அதனால்தான் அமெரிக்காவின் பாறைப் பாதையான ரூபிகான் தடத்திலும், கலிஃபோர்னியாவில் 2007 முதல் நடக்கும் கிங் ஆஃப் த ஹாமர்ஸ் என்ற பாறை வண்டிப் போட்டியிலும் பெட்ரோல் எஞ்சின்கள் நிறைந்திருக்கின்றன.

அவர்கள் செய்வதை அப்படியே நாமும் செய்ய வேண்டும் என்பதில்லை. அங்கே பழைய பெட்ரோல் வி8 எஞ்சின் எளிதில் கிடைக்கும் பொருள். இங்கே நிலைமை வேறு. நம் ஜீப்புகள் தொடக்கத்தில் அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் 2,199 சி.சி. பெட்ரோல் எஞ்சினோடு ஓடியவை. பின்னால் டீசல் மலிவு என்பதால் பிரான்ஸின் பெஜோ நிறுவனம் வடிவமைத்த 2,112 சி.சி. டீசல் போன்றவை வந்தன; ஊரே டீசலுக்கு மாறியது. ஜீப் என்றால் டீசல் என்ற பழக்கம் சிக்கனத்தால் வந்தது. பாறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு அந்தப் பெரிய விலை இடைவெளியும் சுருங்கிவிட்டது. பாறையில் ஒரு நாள் முழுவதும் ஊர்ந்தாலும் கடக்கும் தூரம் சில கிலோமீட்டர்தான். எரிபொருள் செலவை வைத்து எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

எடைக்கு வருகிறேன். இதில் நான் பிடிவாதக்காரன். சில தம்பிகள் லாரி, பஸ் எஞ்சின்களை விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். கம்மின்ஸின் 3.9 லிட்டர் 4பிடி டீசல் அவர்கள் ஆசைப்படும் பெயர். அருமையான எஞ்சின், இழுவைக்கு அஞ்சாது. ஆனால் அது ஏறக்குறைய 340 கிலோ. மாருதி ஜிப்ஸி முழு வண்டியே சுமார் ஒரு டன்தான். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் ஜி13 எஞ்சினுக்கு அலுமினியப் பிளாக். இரண்டு பேர் தூக்கி மேசைமேல் வைத்துவிடலாம்.

முன்பக்கம் எடை இருப்பது தீமை என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். செங்குத்தாக ஏறும்போது எடை பின்னால் சரியும். முன்பக்கம் கொஞ்சம் கனமாக இருந்தால்தான் முன் சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டிருக்கும். கெடுதல் எங்கே இருக்கிறது என்றால் உயரத்தில் இருக்கிறது. டீசல் பிளாக் உயரமானது. தலைப்பகுதி வார்ப்பிரும்பாக இருந்தால் அந்த எடை முழுவதும் மேலே நிற்கும். பக்கவாட்டுச் சரிவில் வண்டி கவிழ்வது அந்த உயரத்தால்தான். இரண்டாவது கெடுதல், முன் ஆக்சிலின் மூட்டுகள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, ஒரு சக்கரம் பாறை இடுக்கில் சிக்கியிருக்கும்போது, கூடுதல் எடை அந்த மூட்டை உடைத்துவிடும்.

எஞ்சினை மாற்றுவதற்கு முன் வண்டியை ஓர் எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். அரிசி ஆலைப் பக்கம் எங்கும் இருக்கும். முழு வண்டிக்கு ஒரு சீட்டு, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு சீட்டு. பின் எடையைக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். புதிய எஞ்சினை ஏற்றிய பிறகும் இதையே செய்யுங்கள். முன்பக்கம் நூற்றுக்கு அறுபதைத் தாண்டினால் பேட்டரி, உதிரிச் சக்கரம், டேங்க் ஆகியவற்றைப் பின்னால் தள்ளி, தாழ்வாக வையுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். நான் டீசலை விட்டு விலகிய நாள் அது.

பிரான்மலைப் பக்கம் உறவினர் ஒருவரின் வேலை நின்றுபோன கல் குவாரி இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தைப் பொங்கல் விடுமுறையில் நான் கட்டிய டீசல் ஜீப்பை அங்கே கொண்டுபோயிருந்தோம். ஓட்டியவன் தங்கை மகன். சரிவில் மேல்பக்கத்துச் சக்கரம் கல்மீது ஏற, வண்டி மெல்ல, மிக மெல்ல, பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. பெல்ட் கட்டியிருந்தான், கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் கூண்டு பிடித்துக்கொண்டது, ஒரு கீறல்கூட இல்லை. நான் பெருமூச்சு விடுவதற்குள் எஞ்சினின் சத்தம் மாறியது. யாரும் மிதியைத் தொடவில்லை. சுற்று ஏறிக்கொண்டே போனது. பின்னால் நீல வெண்புகை குவாரியையே மூடியது. “மாமா, சாவியைத் திருப்பிவிட்டேன், நிற்கவில்லை!” என்று உள்ளே இருந்து கத்தினான்.

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை அழுத்தினால் வரும் சூட்டிலேயே எரியும். வண்டி சாய்ந்ததும் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருந்த ஆயில், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாகக் காற்றுப் பாதைக்குள் வழிந்துவிட்டது. எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாகத் தின்றுகொண்டு ஓடியது. சாவி நிறுத்துவது டீசல் பம்ப்பை மட்டும்தான். அதை நிறுத்தி என்ன பயன்? எஞ்சினை நிறுத்த ஒரே வழி, காற்றை அடைப்பது. நான் ஏர் ஃபில்டர் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஜாக்கிக்கு அடியில் வைக்கும் பலகையைக் குழாயின் வாயில் வைத்து அழுத்தினேன். பலகையை என் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. பத்து எண்ணுவதற்குள் அடங்கியது. பிறகு பிரித்துப் பார்த்தபோது பேரிங்குகள் போயிருந்தன. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு ஒன்று வளைந்திருந்தது. அதைவிடப் பெரிதாக, சாய்ந்து கிடந்த வண்டியில் ஒருவன் பெல்ட்டில் தொங்கும்போது எஞ்சின் வெடித்துச் சிதறியிருக்கலாம். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

டீசல் வண்டி கட்டுகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்துவிட்டுத்தான் பாறைக்குப் போக வேண்டும். பிரீதர் குழாயைக் காற்றுப் பாதையிலிருந்து பிரித்து, உயரமாகக் கொண்டுபோய்த் தனியாக ஓர் ஆயில் டப்பாவில் விடுங்கள். காற்றுக் குழாயில் மூடித் தகடு ஒன்றைப் பொருத்தி, அதன் கேபிளை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். உள்ளங்கையாலோ துணியாலோ ஒருபோதும் அடைக்கப் பார்க்காதீர்கள்; கையைக் கிழித்துவிடும், துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானைக் குழாய்க்குள் அடித்தாலும் நிற்கும். வண்டி கவிழ்ந்து நிமிர்ந்த பிறகு உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் ஆயில் நின்றால் அதை அழுத்த முடியாமல் ராடு வளையும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றி ஆயிலை வெளியேற்றிய பிறகுதான் சாவி. பெட்ரோலிலும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி இதையே செய்ய வேண்டும்.

பெட்ரோலுக்கு வேறு ஆபத்து, தீ. பெட்ரோல் ஆவி பனிக்கட்டிக் குளிரிலும் பற்றக்கூடியது. டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது. கவிழ்ந்ததும் பெட்ரோல் பம்ப்பின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று, டேங்க் காற்றோட்டக் குழாயில் கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் வால்வு ஒன்று, கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான் ஒன்று. இவை மூன்றும் இல்லாத பெட்ரோல் வண்டியை நான் பட்டறைக்கு வெளியே விடமாட்டேன். தீக்கு அஞ்சுகிறவர்கள் டீசலைத் தேர்ந்தால் அதை நான் குறை சொல்லவும் மாட்டேன்.

பெட்ரோல் என்று முடிவெடுத்தால் இன்ஜெக்‌ஷன் உள்ளதாக எடுங்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பழைய கார்புரேட்டர் பாறைக்கு ஆகாது. அதன் சிறு தொட்டியில் ஒரு மிதவை இருக்கிறது. வண்டி செங்குத்தாக நிமிர்ந்தால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, மிதவை பொய்க் கணக்குச் சொல்லும். எஞ்சின் பட்டினி கிடக்கும், அல்லது பெட்ரோலில் மூழ்கும். ஏறும் நடுவில் நின்றுபோனால், பிரேக்கை மட்டும் நம்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் இன்னொரு துன்பமும் சேரும். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரி அடிக்கும். பாறை அதைத் திருப்பி அடிக்கும். ஊர்ந்து போகும் வண்டிக்குள் காற்றோட்டம் இல்லை. எஞ்சின் பிளாக்கில் மாட்டிய பழைய பம்ப்பின் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு மர நிழலில் காத்திருந்த நாட்கள் எனக்கு உண்டு. டேங்க்குக்கு அருகில் மின்சாரப் பம்ப், எஞ்சினிலிருந்து டேங்க்குக்குத் திரும்பி வரும் குழாய், இன்ஜெக்‌ஷன். இவை இருந்தால் அந்தத் துன்பம் இல்லை. ஜிப்ஸியில் 2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சினைத்தான் தேடச் சொல்கிறேன். மாருதி ஜிம்னியின் 1.5 லிட்டர் எஞ்சினும் இந்த வேலைக்குப் பொருந்தும். விலைதான் கைக்கு எட்டாது.

பெட்ரோல் மிதியின் துடிப்பை அடக்க ஒரு சிறு வேலை. மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள கேபிள் நுனியில் கொஞ்சம் பெரிய வளைவுத் தகடு வைத்தால், தொடக்கத்தில் கால் அதிகம் நகர்ந்தாலும் எஞ்சின் கொஞ்சம்தான் திறக்கும். மிதிக்குப் பக்கத்தில் குதிகாலைச் சாய்த்து வைக்க ஒரு கட்டை. லேத்தில் அரை நாள் வேலை இது. டீசலின் கவர்னர் தருவதில் முக்கால் பங்கு இதில் கிடைத்துவிடுகிறது.

டேங்க் குறைவாக இருக்கும்போது சரிவில் நின்றால் டீசல் குழாய் காற்றை இழுக்கும். பழைய டீசலில் காற்று ஏறிவிட்டால், ஸ்பேனரோடு இறங்கி, கையால் பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதையும் பாறையில் தொங்கிக்கொண்டு செய்ய வேண்டும். இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இரண்டு முறை சாவியைத் திருப்பினால் தானே சரியாகும். எந்த எஞ்சினாக இருந்தாலும் டேங்க்கை அரைக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கணினி கட்டுப்படுத்தும் புதிய காமன் ரெயில் டீசல்களைப் பற்றி ஒரு சொல். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு அவற்றின் புகைப்பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிய வேண்டுமானால் புகை நன்றாகச் சூடேற வேண்டும். அதற்கு நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். நாள் முழுவதும் ஐடிலிங்கில் ஊர்ந்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அந்த வண்டி உங்களிடம் இருந்தால், பாறையிலிருந்து திரும்பும்போது திருச்சிச் சாலையில் அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

இறக்கத்தில் எது நன்றாகப் பிடிக்கும் என்று கேட்பார்கள். பெட்ரோலில் மிதியை விட்டால் காற்று வாசல் மூடி, எஞ்சின் உறிஞ்சித் திணறி வண்டியைப் பிடிக்கும். பழைய டீசலில் அந்த வாசல் கிடையாது. அழுத்திய காற்று ஸ்பிரிங்போலத் திருப்பித் தள்ளும். தவழ் விகிதம் 70-ஐத் தாண்டிவிட்டால் இரண்டும் பிடிக்கும்.

பழைய எஞ்சின் வாங்கும்போது குளிர்ந்த நிலையில் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். டீசலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து வாயில் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள்; காகிதம் பறந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன. பம்ப்பின் மூட்டுகளில் டீசல் கசிவைப் பாருங்கள். பம்ப்பை மறுபடி அளந்து பொருத்தும் செலவு சிறியதல்ல. அலுமினிய ஹெட் உள்ள பெட்ரோலில் ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போதே திறந்து வைத்து, பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் குமிழி தொடர்ந்து வந்தால் ஹெட் வளைந்திருக்கலாம். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் பாருங்கள். பாறையில் எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்சை மிதிக்காமல் லோவில் கியரிலேயே சாவியைத் திருப்பி வண்டியை நகர்த்த வேண்டியிருக்கும். பெட்ரோலின் அழுத்த விகிதம் 9, 10 அளவுதான். ஸ்டார்ட்டர் எளிதாகச் சுற்றும். டீசலில் அது 20-ஐ ஒட்டி இருக்கும். அதற்கு நல்ல பேட்டரியும் பெரிய ஸ்டார்ட்டரும் வேண்டும்.

சட்டத்தையும் இடத்தையும் சொல்லாமல் விட மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. எஞ்சின் மாற்றும் எண்ணம் இருந்தால், வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பாறைக்கென்றே கட்டிய வண்டி சாலையில் ஓட வேண்டியதில்லை. லாரியில் ஏற்றித் தனியார் இடத்துக்குக் கொண்டுபோய், உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டுங்கள். செட்டிநாட்டின் செம்மண் சமவெளியில் பாறை அதிகம் இல்லை. இருக்கும் குன்றுகளில் பல நம் முன்னோர் குடைந்தும் எழுதியும் வைத்தவை. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, திருமயம், சித்தன்னவாசல், குடுமியான்மலை. அந்தக் கல்லில் டயர் படக் கூடாது. ஊருணிக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் ஏறிப் பார்ப்பதும் கூடாது. ஒரு கரை கரைந்தால் ஓர் ஊரின் தண்ணீர் போகும். குவாரிக்குப் போனால் தண்ணீர் நிற்கும் பள்ளத்தின் விளிம்புக்கு வண்டியை விடாதீர்கள். அடியாழம் யாருக்கும் தெரியாது.

சென்ற ஆவணியில் தேவகோட்டைத் தம்பி ஒருவர் வந்தார். ஜிப்ஸி வைத்திருக்கிறார், அதில் டீசல் எஞ்சின் ஏற்றித் தர வேண்டும் என்றார். பணமும் கையில் கொண்டுவந்திருந்தார். கரும்பலகையில் எண்களை எழுதச் சொன்னேன். ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து தனியாகத் தொங்குவது. அதன் லோ விகிதம் 2.268. அதற்கு 4.16 விகிதத்தில் பல்சக்கரங்கள் கிடைக்கின்றன. பொருத்தினால் தவழ் விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எடை கூடாது, எஞ்சின் எண் மாறாது. எங்கள் தோப்பில் செம்புறாங்கல் அடுக்கிக் கட்டிய ஒரு சரிவு இருக்கிறது. அதில் அவர் வண்டியை லோவில் முதல் கியரில் நிறுத்தி, மிதியைத் தொடாமல் கிளட்சை விடச் சொன்னேன். பாதியில் நின்றது. அதே சரிவில் என் ஜிப்ஸியை அவரிடமே கொடுத்தேன். அதில் அந்தப் பல்சக்கரங்கள் இருக்கின்றன, எஞ்சின் அவருடையதேதான். உச்சிக்குப் போய் நின்று, இறங்காமல், சிறிது நேரம் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பல்சக்கரங்களுக்கு முன்பணம் கொடுத்தார். மீதிப் பணத்துக்குக் கூண்டும் தீயணைப்பானும் போட்டோம்.